பாடும் பிரேக்ஸ்மேன்

கரக்பூரில் நாம் குடியிருக்கும் இரயில்வே காலனிக்கு அடுத்த தெருவில் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் பெங்கால் நாக்பூர் இரயில்வே நாட்களில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். தந்தை விட்டுச்சென்ற சாவி முடுக்கும் கிராமபோன் பெட்டியும், ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இன்றும் அந்த வீட்டில் பழுதின்றி இருக்கின்றன.

ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பெரியவர் ஒரு தட்டை எடுத்துத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார். கித்தார் ஒலித்தது. பின்னர் மூக்கால் பாடுவது போன்ற ஓர் ஆண் குரல், அவசரமின்றி, பக்கத்தில் அமர்ந்து கதை சொல்வதுபோல் எழுந்தது. அடி முடியும் இடத்தில் அக்குரல் திடீரென உச்சத்திற்குத் தாவி, உடைந்து, மீண்டும் கீழே இறங்கிற்று. இடையிலே எஞ்சின் ஊதும் ஓசை ஒன்று கேட்டது. உடன் வந்திருந்த நம் சிறுமி, வண்டி வருகிறதென்று எண்ணி வாசலுக்கு ஓடிவிட்டாள். அந்த ஊதலும் பாடகரின் தொண்டையிலிருந்து வந்ததே!

பெரியவர் நகைத்துவிட்டு, “இவரும் நம் இலாகாக்காரர்தாம்” என்றார்.

அவ்வாறு நமக்கு அறிமுகமானவரே ஜிம்மி ராட்ஜர்ஸ். அமெரிக்க நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் பிறந்து, இன்று ‘கண்ட்ரி மியூசிக்’ என்று உலகெங்கும் வழங்கும் நாட்டுப்புற இசைக்குத் தந்தை என அந்நாட்டார் போற்றும் பாடகர். ‘பாடும் பிரேக்ஸ்மேன்’ என்பது அவருக்கு மக்கள் வழங்கிய பட்டம். இசைத்தட்டு உலகில் அவர் வாழ்ந்த காலம் ஆறே ஆண்டுகள். உயிர் வாழ்ந்ததோ முப்பத்தைந்து ஆண்டுகள். இரயில்வேயை நம்பி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் அறிந்துகொள்ளத்தக்க வாழ்க்கை அது.

தண்ணீர் சுமந்த சிறுவன்

ஜிம்மி 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். மிஸிஸிப்பி மாநிலத்து மெரிடியன் நகரமே அவர் வளர்ந்த ஊர். பல இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு அது. தந்தை ஆரன் ராட்ஜர்ஸ், மொபைல்–ஒஹையோ இரயில்வேயில் பாதை பராமரிக்கும் ஆட்களுக்குத் தலைவர். நம் வழக்கில் கேங் மேஸ்திரி எனலாம். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை, உறவினர் வீடுகளிலும் தந்தையின் கூடாரங்களிலுமாக மாறி மாறி வளர்ந்தான். படிப்பில் மனம் செல்லவில்லை, பாட்டில் சென்றது.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உள்ளூர்ப் பாட்டுப் போட்டி ஒன்றில் பரிசு பெற்றதும், ஊர் ஊராகச் சென்று மருந்து விற்கும் கூட்டம் ஒன்றோடு அவன் புறப்பட்டுவிட்டான். நம் சந்தைகளில் லேகியம் விற்பவர் வித்தை காட்டிக் கூட்டம் சேர்ப்பதுபோல், அந்நாட்டு மருந்து வியாபாரிகள் பாட்டும் கூத்தும் நடத்திக் கூட்டம் சேர்ப்பது வழக்கம். தந்தை தேடிச் சென்று மகனை மீட்டு வந்து, தம் கீழ்ப் பணிபுரிந்த ஆட்களுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையில் அமர்த்தினார். பாட்டு ஆசையிலிருந்து விலக்கவே அவ்வாறு செய்தார். ஆனால், பையன் போய்ச் சேர்ந்த இடமோ பாட்டின் ஊற்றுக்கண்ணாக இருந்தது.

அந்நாளில் அமெரிக்கத் தென்பகுதியில் தண்டவாளம் நேர் செய்யும் வேலையைச் செய்தவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர். விலகிய தண்டவாளத்தைப் பழைய இடத்திற்குக் கொண்டுவரப் பல ஆட்கள் கடப்பாரைகளைக் கீழே கொடுத்து ஒரே கணத்தில் நெம்ப வேண்டும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் தண்டவாளம் அசையாது. ஆகவே, கூட்டத்தில் ஒருவன் அடியெடுத்துப் பாடுவான். மற்றவர் தாளத்தோடு நெம்புவார்கள். நம் கேங் ஆட்கள் ‘ஏலேலோ’ என்று குரல் கொடுத்து இழுப்பதும் இதே காரணம் பற்றியதன்றோ? அங்கே பாட்டு பொழுதுபோக்கு அன்று, வேலைக் கருவி. வாளியோடு அவர்களிடையே நடந்த வெள்ளைக்காரச் சிறுவன், அவர்களுடைய பாட்டுக்களையும், பேச்சின் நெளிவு சுளிவுகளையும், பாஞ்சோ, கித்தார் முதலிய கருவிகளை மீட்டும் முறையையும் அவர்களிடமே கற்றான். அவனுக்குக் கற்பித்தவர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

பச்சைக்கொடியும் சிவப்பு விளக்கும்

பின்னர், கண்டக்டராக இருந்த மூத்த சகோதரர் வால்டரின் உதவியால் நியூ ஆர்லியன்ஸ்–வடகிழக்கு இரயில்வேயில் ஜிம்மிக்குப் பிரேக்ஸ்மேன் வேலை கிடைத்தது. காற்று பிரேக் வருவதற்கு முந்திய காலத்தில், ஓடும் சரக்கு வண்டியின் கூரைமீது நடந்து சென்று ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்தையும் திருகி வண்டியை நிறுத்துவது பிரேக்ஸ்மேன்களின் கடமை. ஜிம்மியின் நாளில் காற்று பிரேக் வந்துவிட்டதாயினும், பெட்டிகளை இணைப்பதும், பாயிண்டு மாற்றுவதும், வண்டி வழியில் நின்றால் கொடியோ விளக்கோ ஏந்திப் பின்னால் நெடுந்தூரம் ஓடி அடுத்து வரும் வண்டியை எச்சரிப்பதும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. மழையும் பனியும் புகையும் பாராத வேலை. அதுவும் நிலையான வேலை அன்று. சரக்குக் குறைந்தால் பணிமூப்பில் கடைசியில் உள்ளவன் வீட்டுக்கு அனுப்பப்படுவான்.

1920-இல் பாதிரியார் ஒருவரின் மகளான கேரி வில்லியம்ஸன் என்பாரை ஜிம்மி மணந்தார். மறு ஆண்டு அனிடா என்னும் பெண் பிறந்தாள். 1923-இல் பிறந்த இரண்டாம் பெண் ஆறு மாதங்களில் இறந்துபோனாள். வேலை தேடி வெளியூரில் அலைந்துகொண்டிருந்த தந்தை, வீடு திரும்பச் செலவுக்குப் பணமின்றித் தம் பாஞ்சோவை அடகு வைத்து வந்து சேர்ந்தார் என்பர். குடும்பம் ஓர் ஊரிலும் பிழைப்பு வேறோர் ஊரிலுமாக இருப்பதன் துன்பம் நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதன்று.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1924-இல், தம் இருபத்தேழாம் வயதில், அவருக்கு க்ஷய ரோகம் என்று மருத்துவர் கண்டனர். அந்நோய்க்கு அந்நாளில் மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைஸின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். ஓய்வும், நல்ல காற்றும், நல்ல உணவும் வேண்டுமென்பதே வைத்தியர் கூறிய வழி. அம்மூன்றும் ஏழைக்கு எட்டாதவை. நோயுடனே பிளாரிடாவிலும், பின்னர் வறண்ட காற்று நலம் தருமென்று அரிஸோனாவிலும் இரயில்வே வேலை பார்த்தார். உடல் இடம் தரவில்லை. கடைசியில் இருப்புப்பாதை அவரைக் கைவிட்டது. எஞ்சியது குரல் ஒன்றே. அக்குரலும் நோயுற்ற நுரையீரலிலிருந்தே எழ வேண்டியிருந்தது.

பெயரால் பிரிந்த குழு

1927-இல் ஜிம்மி, வட கரோலினா மாநிலத்து மலைநகரமான ஆஷ்வில்லுக்கு வந்தார். அவ்வூர் வானொலியில் சிறிது காலம் பாடினார். ‘டென்னேவா ராம்ப்ளர்ஸ்’ என்ற மூவர் குழுவைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு மலை விடுதிகளிலும் நடனங்களிலும் வாசித்துப் பிழைத்தார்.

அவ்வேளையில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனியின் பிரதிநிதியான ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் நகருக்கு வந்து நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிவு செய்கிறார் என்ற செய்தி கிடைத்தது. பிரிஸ்டல் விந்தையான ஊர். அதன் பெரிய தெருவின் நடுவே மாநில எல்லை செல்கிறது. ஒரு பக்கம் டென்னஸி, மறுபக்கம் வர்ஜீனியா. அங்கே ஒரு பழைய தொப்பி வியாபாரக் கட்டடத்தின் மாடியில் பீர் தம் ஒலிவாங்கியை நிறுவியிருந்தார்.

குழு பிரிஸ்டலை அடைந்தது. மறுநாள் பதிவு என்னும் நிலையில் சச்சரவு மூண்டது. காரணம் கேட்டால் நகைப்பும் வரும், வருத்தமும் வரும். தட்டின் மீது எவர் பெயரை அச்சிடுவது என்பதே தகராறு! ஜிம்மியின் பெயர் முன்னே நிற்பதா, குழுவின் பழைய பெயரே நிற்பதா? சமரசம் ஏற்படவில்லை. நம் நாட்டில் எத்தனை நாடக சபாக்களும், எத்தனை சங்கங்களும் இதே கேள்வியில் உடைந்திருக்கின்றன!

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் மூவரும் தனியே தங்கள் பெயரில் பாடிப் பதிவு செய்தனர். ஜிம்மி ராட்ஜர்ஸ் துணைக்கு ஒருவருமின்றி, ஒரு கித்தாரோடு ஒலிவாங்கியின் முன் நின்றார். போரில் மாண்ட வீரனை எண்ணி அவன் காதலி வருந்தும் பாட்டொன்றும், தாலாட்டு ஒன்றும் பாடினார். கிடைத்தது நூறு டாலர். அதே வாரத்தில் அதே மாடியில் பாடிய கார்ட்டர் குடும்பத்தாரும் பின்னாளில் பெரும் புகழ் எய்தினர். ஆதலால் அந்த பிரிஸ்டல் பதிவுகளை இவ்விசையின் பிறந்தநாளாகவே அமெரிக்கர் கொண்டாடுகின்றனர்.

நவம்பர் மாதம் எவரும் அழைக்காமலே ஜிம்மி நியூயார்க் சென்று, தாம் வந்திருப்பதாக பீருக்குத் தெரிவித்தார். அதன் பயனாக நவம்பர் 30-ஆம் நாள் காம்டன் நகரில் பதிவானதே முதல் ‘புளூ யோடல்’ பாட்டு. யோடல் என்பது ஆல்ப்ஸ் மலை ஆயர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் முறை. மார்புக் குரலிலிருந்து தலைக்குரலுக்குத் தாவி இறங்குவது. புளூஸ் என்பது கறுப்பின மக்களின் சோகப் பாட்டு. மலையில் பிறந்த கூவலையும், பருத்தி வயலிலும் பாதையிலும் பிறந்த புலம்பலையும் ஜிம்மி ஒன்றாக இணைத்தார். கேட்டவர் மயங்கினர். அத்தட்டு இலட்சக்கணக்கில் விற்றது. அவ்வகையில் மட்டும் பதின்மூன்று பாட்டுக்கள் தொடர்ந்து வந்தன.

இரயில்காரர் என்ற முறையில் நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, 1928-இல் அவர் பதிவு செய்த ‘வண்டிக்குக் காத்திருத்தல்’ என்னும் பாட்டு. கையில் காசில்லாமல் வீடு திரும்ப விரும்பும் ஒருவன் சரக்கு வண்டியில் ஏறிக்கொள்கிறான். பிரேக்ஸ்மேன் அவனை இடைவழியில் இறக்கி விட்டுவிடுகிறான். சீட்டில்லாதவனை விரட்டுவது பிரேக்ஸ்மேனின் கடமைகளில் ஒன்று. கடமையைச் செய்தவர் அவர். பாடும்போதோ விரட்டப்பட்டவன் பக்கம் நின்று பாடினார். 1929-இல் அவர் தோன்றிய பத்து நிமிடப் படத்திலும், பிரேக்ஸ்மேன் உடையிலேயே இரயில்வே சிற்றுண்டிச்சாலை ஒன்றில் அமர்ந்து இப்பாட்டைப் பாடுகிறார். உத்தியோகம் போனபின்னும் உடை அவரை விடவில்லை.

தட்டில் இல்லாத பெயர்கள்

ஜிம்மியின் பெருமையைக் கூறும்போது அவருக்குத் தோள் கொடுத்தவர்களை மறைத்தல் நியாயமாகாது. கேரியின் சகோதரி எல்ஸி மக்வில்லியம்ஸ் என்னும் அம்மையார், மைத்துனருக்காகப் பாட்டுக்கள் புனைந்து தந்தார். அவர் கை பட்ட பாட்டுக்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றிற் பலவற்றில் அவர் பெயர் இல்லை. குடும்பத்திற்குச் செய்த உதவியென அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

1930-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் ஹாலிவுட்டில் ஒன்பதாம் ‘புளூ யோடல்’ பதிவாயிற்று. அதில் டிரம்பட் ஊதியவர் ஜாஸ் இசையின் மாமேதை லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் மனைவியார் லில் ஹார்டின். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே இரயில் பெட்டியில் அமர்ந்து செல்லத் தென் மாநிலச் சட்டங்கள் தடை விதித்திருந்த நாளில், ஒரே ஒலிவாங்கியின் முன் அவர்கள் கூடி இசைத்தனர். ஆயினும் தட்டின் சீட்டில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் அச்சிடப்படவில்லை.

பிரிஸ்டலில் பெயருக்காக ஒரு குழுவையே துறந்தவரின் பாட்டுக்களில் இப்படிப் பெயரற்ற எத்தனை கைகள்! இதை ஜிம்மி ஒருவர் மீது குற்றமாகச் சுமத்துவதற்கில்லை. அந்நாட்டின் வழக்கம் அவ்வாறிருந்தது. இசைத்தட்டு வியாபாரத்தின் வழக்கமும் அவ்வாறே. ஆனால், தண்டவாளத்தை ஒருவன் நெம்பி நகர்த்த முடியாது என்பதை வாளி சுமந்த நாளிலேயே கண்டவர் அவர்.

நோயையே பாடியவர்

புகழும் பணமும் வந்தன. டெக்ஸஸ் மாநிலத்தில், காசநோயாளிகள் நாடிச் செல்லும் கெர்வில் என்னும் ஊரில், 1929-இல் ஒரு மாளிகை கட்டினார். நாள் குறைவென்று அறிந்தவர் ஆதலின், சேமிக்கும் குணம் அவரிடம் இல்லை. வந்தது போயிற்று. அவ்வாண்டிலேயே தொடங்கிய பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிற்று. 1927-இல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள், 1932-இல் அறுபது இலட்சமாகச் சுருங்கின. மாளிகையையும் அவர் விட்டு நீங்க நேர்ந்தது. எனினும் 1931-இல், வறட்சியாலும் பஞ்சத்தாலும் வாடிய தென்மேற்கு மக்களுக்கு நிதி திரட்ட, வில் ராஜர்ஸ் என்ற புகழ்பெற்ற நகைச்சுவையாளருடன் ஊர் ஊராகச் சென்று பாடினார்.

அவ்வாண்டிலேயே தம் நோயைப் பற்றியே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். காசநோய் என்றால் அண்டை வீட்டாரும் கதவடைத்த காலம் அது. வீட்டில் நோயாளி இருப்பதை மறைத்து, பெண்ணுக்கு வரன் தேடிய குடும்பங்கள் நம் நாட்டிலும் எத்தனை! அவரோ மறைக்கவில்லை, இரக்கமும் கோரவில்லை. தம் மார்பில் குடிகொண்ட எதிரியைக் கேலியும் கசப்பும் கலந்து நேருக்கு நேர் விளித்துப் பாடினார். நோயாளிகள் அப்பாட்டில் தங்கள் குரலைக் கேட்டார்கள்.

1933-ஆம் ஆண்டு மே மாதம் அவர் நியூயார்க் சென்றார். நோய் முற்றிவிட்டது, குடும்பத்திற்குப் பணம் தேவை. பாட்டுக்களைப் பாடி முடித்தால் பணம் வரும். தாதி ஒருத்தி துணைக்குச் சென்றாள். பதிவுக் கூடத்திலே ஒரு கட்டில் போடப்பட்டது. ஒரு பாட்டைப் பாடுவார்; கட்டிலில் சாய்வார்; மூச்சு திரும்பியதும் எழுந்து அடுத்ததைப் பாடுவார். மே 24-ஆம் நாள் கடைசிப் பாட்டு முடிந்தது. பிரிஸ்டலில் தொடங்கியதுபோலவே, முடிவிலும் அவரும் ஒரு கித்தாரும் மட்டுமே. மே 26-ஆம் நாள் விடியுமுன், ஓட்டல் அறையில் இரத்தம் கக்கி உயிர் நீத்தார்.

சடலம் இரயிலில் மெரிடியன் கொண்டுவரப்பட்டது. இரவு நேரத்தில் ஊரை நெருங்கியபோது, எஞ்சின் டிரைவர் வழக்கமான ஊதலை விடுத்து, தாழ்ந்த குரலில் நெடுநேரம் அழுவதுபோல் ஊதிக்கொண்டே வண்டியை நிலையத்திற்குள் கொண்டுவந்தார் என்று அவ்வூரார் இன்றும் கூறுவர். இலாகாக்காரனுக்கு இலாகாக்காரன் செலுத்தக்கூடிய மரியாதை அதனினும் பெரிது எது?

பெயர் மாறிய பாடகர்

கணவரை இழந்த கேரி அம்மையார் அவருடைய வரலாற்றை நூலாக எழுதி 1935-இல் வெளியிட்டார். எர்னஸ்ட் டப் என்ற ஏழை இளைஞர் ஜிம்மியின் பாட்டில் பித்துக்கொண்டு தேடி வந்தபோது, கணவரின் கித்தாரையே அவர் கையில் தந்து முன்னேற்றினார். மெரிடியனில் 1953-இல் நினைவுச் சின்னம் எழுப்பியபோது, கல்லோடு ஒரு நீராவி எஞ்சினையும் நிறுத்தினர். 1961-இல் கண்ட்ரி இசைப் பெருமன்றம் முதன்முதலாகப் பெருமைப்படுத்திய மூவரில் அவர் ஒருவர். 1978-இல் அமெரிக்க அரசு அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது.

ஆனால், இவற்றினும் வியப்பான செய்தி ஆப்பிரிக்காவில் உள்ளது. கென்யா நாட்டு கிப்ஸிகிஸ் மக்களிடையே யாரோ கொண்டுசென்ற கிராமபோனில் ஜிம்மியின் தட்டுகள் ஒலித்திருக்கின்றன. 1950-இல் ஹியூ டிரேஸி என்ற இசை ஆராய்ச்சியாளர் அங்கே சென்றபோது, அம்மக்களின் பெண்கள் ‘செமிரோச்சா’ என்ற ஒருவனைத் தங்களோடு ஆட வருமாறு அழைத்துப் பாடினார்கள். யார் அவன்? பாதி மனிதன், பாதி மான் என்றார்கள். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயரே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்திருந்தது! பெயருக்காகக் குழுவை உடைத்தவரின் பெயர், கடல் கடந்து அடையாளம் தெரியாமற் போயிற்று. பாட்டு மட்டும் வாழ்ந்தது.

ஊர் பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. பாட்டு பெயரின்றியும் பிழைத்துக்கொள்ளும். அதைத் தந்த மனிதர்தாம் மறக்கப்படுவர். நம் பாட்டனார்கள் பாதை போட வந்தபோது பாடிய பாட்டுக்கள், நம் அன்னையர் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் பாடிய தாலாட்டுக்கள், நடவுப் பாட்டுக்கள் இன்னும் சில முதியோர் நினைவில் உள்ளன. பாதையைச் செப்பனிட இயந்திரங்கள் வந்துவிட்டமையால் நெம்புகோல் பாட்டு அருகிவிட்டது. அடுத்த முறை சங்கக் கூட்டத்திற்கு வரும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து, அவரறிந்த பாட்டொன்றைப் பாடச் செய்யுங்கள். பிள்ளைகள் அதைக் கைபேசியில் பதிந்துகொள்ளட்டும். பாட்டின் கீழே, அதைப் பாடியவர் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் மறவாமல் எழுதி வைக்கட்டும்.

சென்ற வாரம் பெரியவர் வீட்டில் அதே தட்டை மீண்டும் கேட்டோம். ஊதல் வந்தபோது நம் சிறுமி இம்முறை வாசலுக்கு ஓடவில்லை. “அந்த மாமா பெயர் என்ன?” என்று கேட்டாள். சொன்னோம்.